நகம் சிக்கும் ஆழம்

எல்லோரும் லாரிமேல்தான் பழி போடுகிறார்கள்.
லாரி தெறித்த கல், பக்கத்து வீட்டுப் பூனை,
வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது.
நாரின் ஆற்றங்கரையில், துருப்பிடித்த கன்டெய்னருக்குள்,
பதினோரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.
தலையாட்டிவிட்டு விரலை வைப்பேன்.
நகம் வழுக்கினால் போய்விடும்.
நகம் சிக்கினால் போகாது.
என் படிப்பு அவ்வளவுதான்.

புருல்சா வந்தது ஏப்ரலில்,
தெருவெல்லாம் சேறாய்க் கிடந்த வாரம்.
ஜப்பானிலிருந்து வந்த பழைய ஹோண்டா,
வலப்பக்க ஸ்டியரிங்,
பின்சீட்டில் ஒரு பையன் பூட்ஸ் காலால்
முன்சீட்டை உதைத்தபடி.
"சாயங்கால வெயில் எதிரே வந்தால்
ஒன்றுமே தெரியவில்லை.
போன வாரம் ஒரு குதிரைக்குட்டி,
ஒரு சாண் தூரத்தில் தப்பித்தது" என்றாள்.

வைப்பர் போட்ட வளைகோடுகள் எனக்குப் பழக்கம்.
யாரோ ஒருவர், ஏதோ ஒரு துறைமுக ஊரில்,
ரப்பர் தேய்ந்தது தெரியாமல்
தள்ளித் தள்ளி விட்ட மழை.
சீரியம் பொடியைத் தண்ணீரில் குழைத்தேன்.
கம்பளிச் சக்கரம். மெல்ல. ஈரம் காயக்கூடாது.
அடிக்கடி உள்ளங்கை வைத்துச் சூடு பார்க்க வேண்டும்;
விரிசல் விட்டால் கடையை விற்றுத்தான் கொடுக்க வேண்டும்.
மதியத்துக்குள் அந்த ஊர் மழை போய்விட்டது.

மிஞ்சியது இது:
ஓட்டுபவர் கண்ணுக்கு நேரே
ஒரு முகம் அளவுக்குச் சதுரம்.
அதற்குள் மட்டும் குறுக்கும் நெடுக்குமாய்க் கோடுகள்,
எல்லாமே நகம் சிக்கும் ஆழம்.
வெளியே ஒன்றுகூட இல்லை.

"எதால் சுரண்டினீர்கள்?"
"சாவி."
சாவி இவ்வளவு அகலமாய்ப் போகாது.
பேசாமல் இருந்தேன்.
"மீன் டப்பா மூடி."
மூடி மட்டும் இப்படிக் கீறாது,
பனிக்குள் சாலை மணல் இருந்திருக்கும். அதைச் சொல்லவில்லை.

அத்-பாஷியில் விடியாத நாலு மணி, மைனஸ் முப்பத்திரண்டு.
புருஷன் மாஸ்கோவில். போனில் சிக்னல் இல்லை.
கண்ணாடிமேல் விரல் தடிமனுக்கு உறைபனி.
ஹீட்டருக்குக் காத்திருக்க முடியாது,
ஏழு நிமிஷத்துக்கு ஒருமுறை வலி.
வலி வந்தால் பானெட்டைப் பிடித்துக்கொண்டாள்,
விட்டதும் சுரண்டினாள்.
ஒரு முகம் அளவுக்குத் தெரிந்ததும்
போதும் என்று ஏறிவிட்டாள்.
நாற்பது கிலோமீட்டர்.
வெங்காயம் வாங்கப் போன கதைபோல் சொன்னாள்.
"வழியில் ஒரு லாரியைக்கூட முந்தினேன்."

பையன் உதைப்பதை நிறுத்தவில்லை.

தேய்த்து எடுக்கலாம்தான், என்றேன்.
எடுத்தால் கண்ணாடி அங்கே குழியும்.
குழி வழியே வெள்ளைக்கோடு நெளியும்,
குதிரைக்கு ஆறு கால் இருக்கும்.
கீறலோடு ஓட்டலாம், குழியோடு முடியாது.
பிஷ்கெக்கில் புதுசு கிடைக்கும்.
விலையைச் சொன்னேன்.
சிரித்தாள்.

"ஓரங்களையாவது கொஞ்சம் மழுக்குங்களேன்."
மழுக்கினேன். ஆறு மணிக்கு வெயில்
மலைமுகட்டில் இறங்கும்வரை காத்திருந்தோம்.
வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். சதுரம் பற்றிக்கொண்டது,
முன்பு போல இல்லை, ஆனாலும் பற்றிக்கொண்டது.
இறங்கினாள். கோட்டைக் கழற்றி நாலாய் மடித்துச்
சீட்டில் போட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள்.
சதுரத்துக்கு மேலே,
முன்பின் தெரியாத ஆளின் மழை இருந்த இடத்தில்,
சாலை.

இதற்குள் பையன் என் பொடிச் சட்டிக்குள் கைவிட்டு
கதவில் ஐந்து விரலையும் பதித்திருந்தான்.
அது தண்ணீர் ஊற்றினால் போய்விடும்.
நான் ஊற்றவில்லை.

ஆயிரத்து எண்ணூறு சோம் கேட்டேன்.
ஆயிரத்து ஐந்நூறு தந்தாள்,
மீதிக்கு
ஒரு மீன் டப்பா.